மவுண்ட் ரோட்டில் இனிப் பார்க்க என்ன மிச்சம்?

4 பிப்ரவரி 2024, காலை

"சென்னைக்கு வேலைக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. தினமும் மெட்ரோவில் மவுண்ட் ரோட்டுக்கு, அதாவது அண்ணா சாலைக்கு, அடியிலேயே போய் வருகிறேன். மேலே ஏறிப் பார்த்தால் எல்.ஐ.சி.யைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. பழையது எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள், இல்லையா?" – தஞ்சாவூர்த் தம்பி கேட்டது.

இடிக்கவில்லை தம்பி. நீங்கள் மேலே ஏறியது எந்த வாசலில் என்று சொல்லுங்கள். தேனாம்பேட்டையில் ஏறியிருந்தால் கேள்வி நியாயம்தான். அரசினர் தோட்டத்தில் ஏறித் தெற்கே ஸ்பென்சர் வரை நடந்திருந்தால் 1879ல் கட்டிய பி.ஆர் அண்டு சன்ஸ் கடிகாரக் கடையும், 1904ல் எழுந்த ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையும், 1913ல் திறந்த ஒரு சினிமாக் கொட்டகையும் இன்றும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மூன்றும் ஒரே நடையில் வரும்.

4 பிப்ரவரி, இரவு

நான் கட்டட வரைவாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில்தான் எங்கள் அலுவலகம். பழைய கட்டடங்களை அளந்து படம் போடும் வேலை அடிக்கடி வரும். அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பல மொட்டைமாடிகளில் வெயிலில் நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எனக்கு ஒரு கட்சி உண்டு. பழைய கட்டடம் எத்தனை ஆண்டு தாங்கும் என்று சுவரைப் பார்த்துச் சொல்ல முடியாது, மாடிக்குப் போனால்தான் தெரியும்.

அந்தக் காலத்துக் கூரைக்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர். தேக்கு விட்டங்கள், அவற்றின்மேல் சாய்வாட்டமாகக் குத்துக்கல்லாக அடுக்கிய சின்னச் செங்கல், அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்த காரை, கடைசியாகத் தட்டோடு. சிமென்ட் ஒரு பிடி கிடையாது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் நூறு ஆண்டு தாண்டும். மழைநீர் போகும் வாயில் சருகு அடைத்து, தண்ணீர் தேங்கி, காக்கை போட்ட எச்சத்திலிருந்து ஓர் அரசங்கன்று முளைத்து, அதைப் பிடுங்க ஆளில்லாமல் நாலைந்து மழைக்காலம் போனால் முடிந்தது கதை. வேர் காரையைப் பிளக்கும், ஈரம் விட்டத்தின் நுனிக்குப் போகும், தேக்கானாலும் சுவருக்குள் புதைந்த முனை மக்கும். பிறகு ஒரு பொறியாளர் வந்து 'அபாயகரமான கட்டடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கன்றைப் பிடுங்க ஒரு கூலியாளுக்கு அரைநாள் வேலைதான் ஆகியிருக்கும்.

ஆகவே மவுண்ட் ரோட்டில் எது பிழைத்தது என்று கேட்டால், எந்த மாடியில் ஆள் ஏறினாரோ அது பிழைத்தது. அழகானதெல்லாம் பிழைத்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

6 பிப்ரவரி

குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் கவர்னர் மன்றோ சிலைக் கதையை ஒருவர் கொண்டுவந்துவிட்டார். வரும் என்று தெரியும். சிற்பி அங்கவடி (குதிரையில் ஏறிக் கால் வைக்கும் வளையம்) வைக்க மறந்துவிட்டாராம், பிழை தெரிந்ததும் தற்கொலை செய்துகொண்டாராம். ஒவ்வொரு பள்ளிச் சுற்றுலாவிலும் இதைச் சொல்கிறார்கள்.

செய்தவர் பிரான்சிஸ் சான்ட்ரி. சிலை 1839ல் தீவுத்திடலில் வைக்கப்பட்டது. சான்ட்ரி இறந்தது 1841ல், தற்கொலை அல்ல. அங்கவடி மட்டுமா இல்லை, சேணமும் இல்லையே! இரண்டையுமா மறப்பார்? லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னருக்கு அவர் செய்த குதிரைச் சிலையிலும் அங்கவடி கிடையாது. அது அவருடைய பாணி, அவ்வளவுதான்.

மன்றோவைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல செய்தி உண்டு. உழவரிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையை இங்கே நிலைநாட்டியவர், 1820 முதல் கவர்னர். 1827ல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். அதிகாரியாகப் பல ஆண்டு சுற்றிய அதே பகுதிக்குக் கடைசியாக ஒருமுறை பயணம் போன இடத்தில்.

6 பிப்ரவரி, மேலும்

"வெள்ளைக்காரன் சிலையை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்?" என்பது அடுத்த கேள்வி. மவுண்ட் ரோட்டுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. இந்தச் சாலையிலேயே ஒரு வெள்ளைக்காரர் சிலையை அகற்றியும் இருக்கிறோம்.

ஸ்பென்சருக்கு அருகே கர்னல் நீலின் சிலை நின்றது. 1857 எழுச்சியின்போது அலகாபாத், கான்பூர்ப் பகுதிகளில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் தூக்கில் போட்டவர் என்று பெயரெடுத்தவர் நீல். மெட்ராஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர் என்பதால் சிலை இங்கே வந்தது. 1927ல் அதை அகற்றச் சொல்லி சத்தியாக்கிரகம் நடந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சோமையாஜுலு போன்றவர்கள் வந்தார்கள். சுத்தியலோடு வந்து சிலையைத் தாக்கிய தொண்டர்களுக்குச் சிறை. சிலை அசையவில்லை. பத்து ஆண்டு கழித்து, 1937ல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகு, சத்தமில்லாமல் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டது.

ஆக, நீலுக்கு ஒரு தீர்ப்பு, மன்றோவுக்கு வேறு தீர்ப்பு. எனக்கு அது சரியான தீர்ப்பாகவே படுகிறது. வெள்ளைக்காரன் என்பதற்காக எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டவில்லை என் ஊர்.

9 பிப்ரவரி

ஒரு நண்பர் என் மாடிக் கட்சியை இன்னும் நீட்டி, "அரசாங்கத்தின் கையில் இருப்பது பிழைக்கும், தனியார் கையில் இருப்பது போகும்" என்று சூத்திரம் எழுதியிருக்கிறார். அதை நான் ஏற்கவில்லை.

மருந்துக்கடைக்காரரான டபிள்யூ. இ. ஸ்மித் 1897ல் கட்டிய மாளிகை ஒன்று மவுண்ட் ரோட்டில் இருக்கிறது. 1934ல் பாரத் இன்சூரன்ஸ் அதை வாங்கியது, அதனால்தான் இன்றும் அந்தப் பெயர். 1956ல் ஆயுள் காப்பீடு தேசியமயமானதும் எல்.ஐ.சி.க்கு வந்தது. கோபுரம், மினார், வளைவுத் தாழ்வாரம், வரைவாளன் பென்சிலைக் கீழே வைக்க முடியாத அளவுக்கு வேலைப்பாடு. 2006ல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியத்தைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. 2010ல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்றது, பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று ஒரு குழு வேண்டும் என்றும் சொன்னது. நகரத்திலுள்ள மற்றப் பழங்கட்டடங்களுக்கும் அந்தத் தீர்ப்பு துணையானது.

அரசுத் துறை நிறுவனம் இடிக்கப் போனது, தனியார் அமைப்பு தடுத்தது. சூத்திரம் இங்கேயே உடைகிறது. ஓமந்தூரார் வளாகத்தில் இருந்த பழைய கவர்னர் மாளிகையை இடித்தவர்கள் யார்? அரசாங்கமே. புதிய சட்டமன்றத்துக்காக. 2010 மார்ச்சில் பிரதமர் மன்மோகன் சிங் அந்தச் சட்டமன்றத்தைத் திறந்துவைத்தார். 2014ல் அது மருத்துவமனை ஆகிவிட்டது. மருத்துவமனையால் ஏழைகளுக்கு நன்மை, மறுக்கவில்லை. ஆனால் சட்டமன்றத்துக்கென்று மாளிகையைக் கொடுத்தோம், சட்டமன்றமும் அங்கே தங்கவில்லை.

9 பிப்ரவரி, பின்குறிப்பு

தீர்ப்பு வந்தும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் சீரமைக்கப்படாமல்தான் கிடக்கிறது. நீதிமன்றத்தால் கடப்பாரையைத் தடுக்க முடியும். அரசங்கன்றுக்கு எந்தத் தடையாணையும் செல்லாது.

10 பிப்ரவரி

மவுண்ட் ரோட்டு புஹாரி ஓட்டலில் சிக்கன் 65 உண்மையிலேயே 1965ல்தான் பிறந்ததா என்று மூன்று பேர் சண்டை. 1951ல் தொடங்கிய கடை, 65ல் போட்டோம் என்று அவர்களே சொல்கிறார்கள். 65 துண்டு, 65 மிளகாய், பட்டியலில் 65ஆம் எண் என்ற கதைகளையெல்லாம் விட இது நம்பும்படி இருக்கிறது. நான் சைவம். தேநீருக்கு மட்டும் போவேன், எனவே இந்த வழக்கில் நடுவர் ஆகத் தகுதி எனக்கே உண்டு.

13 பிப்ரவரி

எல்.ஐ.சி. பற்றித் தம்பி மறுபடியும் கேட்கிறார். "பதினாலு மாடி ஒரு பெரிய விஷயமா?"

1959ல் பெரிய விஷயம்தான் ஐயா. அன்று இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அது. 1961ல் பம்பாய் முந்தியது. தொடங்கியது எல்.ஐ.சி. அல்ல. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தம் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காக 1953ல் தொடங்கினார். மறு ஆண்டே சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்தார். அதற்குப் பிறகு தேசியமயம். பாதியில் நின்ற கனவு வேறு கைக்கு மாறியது. லண்டன் கட்டடக்கலைஞர்கள் பிரவுன், மூலன் போட்ட படம், பிறகு எல்.எம். சித்தலே முடித்துக் கொடுத்தார். 1959 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார்.

எங்கள் தொழிலில் அதன் முக்கியத்துவம் உயரம் அல்ல. அதுவரை இந்த ஊர் சுண்ணாம்பும் செங்கல்லும் நம்பிக் கட்டிக்கொண்டிருந்தது. பாரம் முழுவதும் சுவரில் இறங்கும். எல்.ஐ.சி.யில் பாரத்தைக் கான்கிரீட் தூண் சுமக்கிறது, சுவர் வெறும் திரை. மவுண்ட் ரோட்டின் பழங்காலம் முடிந்த இடம் என்று ஒரு புள்ளியைக் குறிக்கச் சொன்னால் நான் அங்கேதான் பென்சிலை வைப்பேன். 1975 ஜூலையில் பெரிய தீவிபத்து. எரிந்தும் எலும்புக்கூடு நின்றது, சரிசெய்து மறுபடி நடத்தினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சாலையில் எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் கட்டடத்துக்கும், யாரும் பார்க்காமல் உதிரும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்துக்கும் ஒரே சொந்தக்காரர்.

14 பிப்ரவரி

சினிமாக் கொட்டகை எங்கே இருக்கிறது, தேடியும் கிடைக்கவில்லை என்கிறார் ஒருவர்.

தபால் நிலைய வளாகத்துக்குள். வார்விக் மேஜர் என்பவர் 1913ல் எலக்ட்ரிக் தியேட்டர் கட்டினார். அப்போது பேசாத படம். இரண்டு ஆண்டில் மூடினார், 1915ல் தபால் துறை வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து அவர்களிடம்தான். இப்போது தபால்தலை சேகரிப்போருக்கான பிரிவு அங்கே இருக்கிறது. உள்ளே போய் ஒரு தபால்தலை வாங்கிக்கொண்டு தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். சினிமாக்காரர் கையில் இருந்திருந்தால் 1940களிலேயே இடித்துப் பெரிய தியேட்டர் எழுப்பியிருப்பார், பிறகு அதையும் இடித்து வணிக வளாகம் ஆக்கியிருப்பார். சீக்கிரம் நஷ்டப்பட்டதால் பிழைத்த கட்டடம் அது.

அதற்குப் பின் வந்தவற்றின் கதியைப் பாருங்கள். ரகுபதி வெங்கையா கட்டிய கெயிட்டி, பக்கத்துத் தெருவில் இருந்தது, சென்னையில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் தியேட்டர், போய்விட்டது. வெலிங்டன், மிட்லண்ட், ஆனந்த், போய்விட்டன. 1961ல் திறந்த சாந்தி 2016ல் மூடியது. சஃபையர் 1964ல் வந்தது, ஒரே வளாகத்தில் மூன்று திரை. அதில் ப்ளூ டைமண்டில் தொடர்காட்சி. எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். மே மாத வெயிலில் நகரில் பாதி வேலையில்லாத இளைஞர்கள் அந்தக் குளிர்சாதனத்தை நம்பித்தான் உயிர் வாழ்ந்தோம். படத்தின் முடிவை முதலில் பார்த்து, தூங்கி எழுந்து, தொடக்கத்தைப் பார்த்து வெளியே வருவது எங்கள் வழக்கம்.

தேவி வளாகம் 1970லிருந்து நிற்கிறது. தேவி பாரடைஸுக்குப் படிக்கட்டு இல்லை. சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதைதான். இத்தனை கூட்டத்தைத் தள்ளுமுள்ளு இல்லாமல் இறக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அங்கே படம் பார்த்ததைவிட அந்தச் சரிவின் வாட்டத்தைக் கண்ணால் அளந்ததுதான் அதிகம்.

17 பிப்ரவரி

"ஸ்பென்சர்? அங்கே மாடியில் ஆள் இருந்திருப்பார்களே, ஏன் போயிற்று?" – என் கட்சியை மடக்கும் கேள்வி, நன்றாகக் கேட்டீர்கள்.

1863ல் தொடங்கிய கடை. 1890களில் மவுண்ட் ரோட்டில் அந்தப் பெரிய சிவப்புக் கட்டடம் எழுந்தது, வடிவமைத்தவர் போக்சன். 1983ல் எரிந்துபோனது. தீக்குப் பராமரிப்பு தெரியாது. ஆனால் இங்கே இரண்டாவது யோசனை ஒன்று எனக்கு வருகிறது. எல்.ஐ.சி. எரிந்தது, சீராக்கினார்கள். ஸ்பென்சர் எரிந்தது, வணிக வளாகம் வந்தது. ஒன்றில் கான்கிரீட், மற்றொன்றில் மரமும் ஓடும் என்று தொழில்காரனாகச் சொல்லித் தப்பித்துவிடலாம். பாதிக் காரணம்தான் அது. ஸ்பென்சரின் மனை அகலம், ஒரே சொத்து, சாலையின் நடுமையம். அங்கே நிலத்தின் விலை கட்டடத்தை விழுங்கும் அளவுக்கு ஏறியிருந்தது. ஆகவே என் கட்சியோடு ஒரு திருத்தம் சேர்த்துக்கொள்ளுங்கள். மாடியில் ஆள் ஏறினால் மட்டும் போதாது, கீழே மனை விலையைக் கேட்டு ஆள் வராமலும் இருக்க வேண்டும்.

ஹிக்கின்பாதம்ஸ் இரண்டிலும் தேறுகிறது. ஏபல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் 1844ல் தொடங்கிய கடை, பின்னாளில் அமால்கமேஷன்ஸ் குழுமத்துக்கு வந்தது. இதே சாலையின் வடகோடியில் 1840லிருந்து இருக்கும் சிம்சனும் அவர்களுடையதுதான். குதிரை வண்டி கட்டிய நிறுவனம் அது. புத்தகம் விற்று அந்த மனைக்கு வாடகை கட்டுப்படியாகாது என்று எந்தக் கணக்கரும் சொல்வார். யாரோ அந்தக் கணக்கைப் பார்க்காமல் இருக்கிறார்கள். நல்லது.

பி.ஆர் கடைக்கு அந்த அதிர்ஷ்டம் முழுவதாக வாய்க்கவில்லை. 2011ல் மெட்ரோ பணிக்காக அதன் பின்பகுதி இடிபட்டது, வழக்கானது. முகப்பு நிற்கிறது.

20 பிப்ரவரி

தேனாம்பேட்டை நெரிசலில் மாட்டிக்கொண்ட ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். சைதாப்பேட்டை வரை மேம்பாலச் சாலை போடும் வேலை 2024ல் தொடங்கியது, கீழே மெட்ரோ சுரங்கம் ஓடும்போதே அதற்கு மேல் தூண். பொறியியலாக அது சவாலான வேலை, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். இதே மெட்ரோ தோண்டியபோது 2017 ஏப்ரலில் சர்ச் பார்க் அருகே சாலை உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் காரும் குழியில் இறங்கின. அதை நேரில் பார்த்தவர்களுக்கு நெரிசல் ஒரு பொருட்டல்ல.

மேம்பாலம் போய்ச் சேரும் சைதாப்பேட்டையில்தான் இந்தச் சாலையின் உண்மையான மூலம் இருக்கிறது. கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போக நடுவில் அடையாறு. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726ல் தம் சொந்தப் பணத்தில் அங்கே பாலம் கட்டினார், மார்மலாங் பாலம். பரங்கிமலைக்குப் படிக்கட்டும் அவர் கட்டியதே. அந்தப் பாலத்துக்குப் பதிலாக 1960களில் வந்ததுதான் இன்றைய மறைமலையடிகள் பாலம். உஸ்கானின் கல்வெட்டு மட்டும் சாலையோரம் நிற்கிறது. மவுண்ட் ரோட்டில் யாருக்குச் சிலை வைப்பது என்று முடிவு செய்த யாருக்கும், ஆற்றைக் கடக்க வழி செய்த அந்த மனிதர் நினைவுக்கு வரவில்லை.

21 பிப்ரவரி

சிலை என்றதும் அரசியல் வந்துவிட்டது, எதிர்பார்த்ததுதான். சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்ட வேண்டாம். வாலாஜா சாலை முனையில் அண்ணா சிலை 1968 தொடக்கத்தில் வைக்கப்பட்டது. உலகத் தமிழ் மாநாட்டின்போது, அவர் முதலமைச்சராக உயிரோடு இருந்தபோதே. அவர் மறைந்த பின் சாலைக்கும் அவர் பெயர். எங்கள் தெருக் கிழவர்களுக்கு அந்த முனை கடைசிவரை ரவுண்டு டாணாதான். அதே சாலையில் கருணாநிதிக்கு 1975ல் வைத்த சிலையை, 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்த அன்று ஓர் இளைஞர் கடப்பாரையால் பெயர்த்தார். 2022ல் ஓமந்தூரார் வளாகத்தில் புதுச்சிலை வந்தது.

கடைசி ஊர்வலங்கள் புறப்பட்ட இடமும் பக்கத்திலேயே. ராஜாஜி மண்டபம். அண்ணா, காமராஜர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி, எல்லார் உடலும் அந்தப் படிகளின்மேல்தான் வைக்கப்பட்டது. திப்புவை வென்றதைக் கொண்டாட 1802ல் கட்டிய விருந்து மண்டபம் அது. கட்டியவர் கோல்டிங்ஹாம், கிழக்கிந்தியக் கம்பெனியின் வானியலாளர். நட்சத்திரம் பார்க்கிறவரைக் கூப்பிட்டு மண்டபம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். அகலப் படிக்கட்டும் தூண்வரிசையும் தந்தாரே, அதைத் துக்கத்துக்கு இவ்வளவு கச்சிதமாகப் பயன்படுத்துவோம் என்று கம்பெனிக்காரர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

24 பிப்ரவரி

தஞ்சாவூர்த் தம்பி ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போகிறாராம், வழி கேட்கிறார். அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்குங்கள். முதலில் வடக்கே கொஞ்சம் போய் சிம்சன் எதிரே பெரியார் சிலை, திரும்பித் தெற்கே. பி.ஆர் கடை, அண்ணா சிலை, தபால் நிலையம், ஹிக்கின்பாதம்ஸ், எல்.ஐ.சி. என்று வந்து ஸ்பென்சர் முன் முடித்துக்கொள்ளலாம். நடைபாதையைப் பார்த்து நடக்காதீர்கள், முதல் மாடிக்கு மேல் பாருங்கள். கீழ்த்தளமெல்லாம் விளம்பரப் பலகை. வயது தெரிவது மேலேதான். சுவர் விளிம்பில் பச்சை முளைத்திருந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள், எந்தக் கட்டடம் என்று சொல்கிறேன்.

இன்னொன்று. ஞாயிறு வேண்டாம், தபால்தலைப் பிரிவு பூட்டியிருக்கலாம். சனிக்கிழமை காலையில் போங்கள்.